ஒரே குழாயில் இரண்டு மோட்டார்

மாப்ள,

கோரிப்பாளையத்தில் என் மோட்டார் ரிப்பேர் கடை மேசைமேல் நம் குடியிருப்பு மோட்டாரின் பழைய இம்பெல்லர் கிடக்கிறது. தண்ணீரைச் சுழற்றித் தள்ளும் சக்கரம், பூச்சி அரித்த கத்தரிக்காய் மாதிரி ஓட்டை ஓட்டையாக. அதைப் பார்த்துக்கொண்டே இன்று காலை விளாங்குடிக் குடியிருப்பிலிருந்து வந்த நம் சங்கத்தின் புதுச் செயலாளர் பேசினார். உன் நினைவாக மூன்றாவது மோட்டார் வைக்கப்போகிறார்களாம், அதுவும் அதே குழாயில். உன் பெயர் போட்ட பலகையும் உண்டாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உனக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதை ஏது?

நீ சங்கத் தலைவராக இருந்தபோது, முன் பிளாக்குக்கு முதலில் தண்ணீர் ஏறுவதா, பின் பிளாக்குக்கா என்று இரண்டு பிளாக்காரர்களும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு நின்றார்கள். பிளாக்குக்கு ஒரு மோட்டார், ஒன்று ஓடி முடிந்தபின் மற்றது ஓடட்டும் என்றேன். யார் முந்தி என்பதில் எல்லாருக்கும் மானம் போனது. நீ ஜவுளிக்கடைக்காரன், வருகிறவர்களுக்கெல்லாம் சேலையை விரித்துக் காட்டியே பழகியவன். "ரெண்டையும் ஒண்ணாப் போட்ருவோம் மாப்ள, யாருக்கும் மனத்தாங்கல் வராதுல்ல" என்றாய்.

தரைத்தொட்டியிலிருந்து மோட்டாருக்கு வருவது ஒரே குழாய். ஒரு மோட்டாருக்கு அளவெடுத்துப் போட்டது. இரண்டும் சேர்ந்து உறிஞ்சினால் குழாய்க்குள் அழுத்தம் இறங்கிவிடும், சூடேறாமலே தண்ணீர் குமிழ் விடும். அந்தக் குமிழ்கள் உடைந்து உடைந்துதான் இம்பெல்லரைத் தின்றன. உள்ளே ஜல்லியை அள்ளிப் போட்ட மாதிரி சத்தம். தலையில் அடித்துக்கொண்டு சொன்னேன். "கொஞ்சம் அனுசரிச்சுப் போ மாப்ள" என்றாய். அதைக் குமிழிடம் போய்ச் சொல்லியிருக்கலாம்.

இரண்டு பிளாக்கிலும் மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை. மேல்மாடியில் இருந்தது யார்? நீயும் உன் வீட்டுக்காரியும், படுக்கையில் கிடக்கும் உன் அம்மாவும். பெற்றவளைக் குளிப்பாட்ட, கீழ்க்குழாயில் பிடித்த வாளிகளைப் படியேறித் தூக்கிப்போனாய், எதிரே வந்தவனுக்கெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு. பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு அதட்டல் போட்டிருந்தால் அடங்கியிருப்பார்கள். நல்ல பெயர் போய்விடுமே உனக்கு!

ஒருநாள் படியிலேயே உன் நெஞ்சு நின்றுபோனது. எழவுக்கு இரண்டு பிளாக்கும் வந்தது. தங்கமான மனுசன் என்று மூக்கைச் சிந்தினார்கள். பிறகு சுடுகாட்டுக்கு யார் காரில் யார் ஏறுவது என்று அங்கேயும் சண்டை. நீ இருந்திருந்தால் எல்லாரையும் ஒரே காரில் திணித்திருப்பாய்.

மூன்றாவது மோட்டார் கிடையாது என்று செயலாளரை அனுப்பிவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. உன் காரியம் முடிந்த மறுநாளே மோட்டார் அறையைப் பூட்டியவன் நான்தான். ஒன்று நின்றபின்தான் அடுத்ததைப் போடுவேன். திமிர் பிடித்தவன் என்கிறார்கள், மாடிப்படியில் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். சாவி என் அரைஞாணில் தொங்குகிறது, தூங்கும்போதும் கழற்றுவதில்லை. உன் வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது.

நீ எல்லாருக்கும் நல்லவனாகவே போய்ச் சேர்ந்துவிட்டாய். உன் அம்மா தினமும் குளிக்க ஒருத்தன் கெட்டவனாக இருக்க வேண்டியிருக்கிறது, மாப்ள.