மருமகனை மறிக்க ஒரு வழி

அக்கராயன்குளம்,
ஆவணி 1996.

அன்புள்ள அண்ணா,

நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். மிச்சத்தை இதற்குப் பிறகு வாசியுங்கோ.

நீங்கள் பேராசிரியராகிவிட்ட செய்தி, முரசுமோட்டையை விட்டு ஓடி வந்த பிறகுதான் கிடைத்தது. ஐயா உங்களை டொக்டராக்க நினைத்தார். நீங்கள் பேராதனையில் மெய்யியல் படித்து, பிறகு லண்டனுக்கு உளவியல் படிக்கப் போனபோது கன நாள் உங்களோடு கதைக்கவில்லை. இன்றைக்கு இருந்திருந்தால் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பார்.

மகள் வினோஜாவுக்குப் பெண் பிள்ளை பிறந்திருக்கிறது. பள்ளிக்கூடக் கட்டடத்தில் நடக்கிற ஆஸ்பத்திரியில்தான் பிறந்தது. சுகம். தாய்ப்பால் போதாது, பால்மாவும் கிடைக்காது.

என் கவலையெல்லாம் அவளுடைய கணவர் சுகிர்தனைப் பற்றியது. வெட்டுக்கு நின்ற நெல்லை விட்டு வந்ததிலிருந்து அவருக்கு நித்திரை இல்லை. போன கிழமை, பக்கத்துக் காணி வீரையாவோடு சைக்கிளில் ஷெல் விழுகிற இடத்துக்கே திரும்பப் போனார். உங்கள் ஆராய்ச்சியைச் சொல்லித் தடுத்துப் பார்த்தேன். கடைசியாக வந்தபோது எனக்கு விளக்கினீர்களே, கையில் உள்ளதைக் காப்பவன் பயந்து நடப்பான், இழந்ததை மீட்கப் போகிறவன்தான் எந்த ஆபத்திலும் இறங்குவான் என்று. சுகிர்தன் சிரித்தார். மாமா அங்கை கதிரையில வசதியா இருந்த ஆக்களைக் கேட்டுத்தானே கண்டுபிடிச்சவர், என்ர பிள்ளைக்குச் சோறு வேணும் மாமி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஒரு மூட்டை நெல்லோடு வந்தார். பரந்தன் பக்கம் இரண்டு பேரும் வாய்க்காலுக்குள் விழுந்து கிடந்தார்களாம். வீரையாவின் காலில் ஷெல் துண்டு. இனியாவது பயப்படுவார் என்று நினைத்தேன். ஒருக்கால் தப்பினனான், இனிப் பாதை தெரியும் என்கிறார். இம்முறை தனியாகவாம். இதை எழுதும்போது வெளியே சைக்கிளுக்குக் காற்று அடிக்கிறார். வினோஜா அழுதும் பார்த்துவிட்டாள், கதைக்காமல் இருந்தும் பார்த்துவிட்டாள்.

மனிதர் ஏன் இப்படிப் போகிறார்கள் என்று இவ்வளவு காலம் ஆராய்ந்தீர்கள். போகிறவரை எப்படி மறிப்பது என்று ஏதும் கண்டீர்களா? கண்டிருந்தால் எனக்கு விளங்குகிற மாதிரி எழுதுங்கோ. இல்லையென்றால், போகக்கூடாது என்று மாமனாக ஒரு கட்டளை போடுங்கோ. உங்கள் சொல்லை அவர் தட்டமாட்டார்.

வவுனியாவுக்குப் போகப் பாஸ் கிடைத்த ஒரு ரீச்சரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். உங்கள் கைக்கு வரமுன் அந்த நெல் நிலத்தில் கொட்டுண்டு போய்விடும். தெரியும். ஆனாலும் எழுதுங்கோ அண்ணா. மாமாவின் பதில் வருகுது, வருமட்டும் பொறுங்கோ என்றாவது அவருக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

முறிகண்டிப் பிள்ளையார் உங்களையும் அண்ணியையும் காப்பாற்றட்டும். எங்களையும்.

உங்கள் தங்கை,
விமலேஸ்வரி