நைட் ஷிஃப்ட்காரனை ஆடவிடாத மேனேஜர்

ஞாயிறு இரவு

இன்று ஜெயித்தோம். இரண்டு கோலும் நான் அடித்தது. ஆனாலும் மனசு ஆறவில்லை.

எங்கள் கால்பந்து கிளப்பின் மேனேஜர் சேவியர் அண்ணனைப் போன வாரம் நீக்கிவிட்டார்கள். இறுதி ஆட்டத்தில் என்னை உட்கார வைத்ததால்தான் தோற்றோமாம். நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவனை அவர் ஆடவிட மாட்டார். எங்களோடு ஆடிய அருள் அப்படி நைட் ஷிஃப்ட் முடித்து வந்து ஆடிவிட்டுப் போனவன்தான். வாலாஜாபாத் ரோட்டில் வண்டி ஓட்டும்போதே கண் அசந்துவிட்டான். வீடு போய்ச் சேரவில்லை.

"கப்பு போச்சு. அப்புறம் இன்னாத்துக்கு மேனேஜரு?" என்றார் செயலாளர். கிளப் என்றால் ஜெயிக்கத்தானே வேண்டும்? எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

இன்று காலை நைட் ஷிஃப்ட் விட்டதும் பைக்கில் நேரே ஒரகடம் கிரவுண்டுக்குப் போனேன். புது மேனேஜர் ஜெர்சியைக் கொடுத்தார், ஒன்றும் கேட்கவில்லை. ஆட்டம் முடிந்து என்னைத் தோளில் தூக்கியபோதுதான் பார்த்தேன், வேலிக்கு வெளியே சேவியர் அண்ணன் தனியாக நின்றுகொண்டிருந்தார். பிறகு அவரிடம் போனேன். கோலைப் பற்றிப் பேச்சே இல்லை.

"தூங்குனியாடா?"

"இல்லண்ணா."

"வண்டி சாவிய குடு. வூட்ல வுட்டுட்டுப் போறேன்."

பின்னால் உட்கார்ந்த என்னைத் துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டினார். குழந்தையா நான் என்று சிரித்தேன்.

வழியில் பென்னலூர் தாண்டியது எனக்குத் தெரியாது. வீட்டு வாசலில் துண்டை அவிழ்த்துவிட்டுத்தான் என்னை எழுப்பினார்.