உடனே அனுப்பிவிடுவார்கள்

ஓசூர்
மாசி 12

அன்பு மகள் ரஞ்சிதாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே டொரன்டோவில் பனி விழுகிறது என்றாய், காதை மூடிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாய் என்று நம்புகிறேன். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. ஊரில், கல்லாவியில், மாம்பூ பாதி கொட்டிவிட்டதாம், உன் பெரியப்பா போனில் புலம்பினார். என் செக்யூரிட்டி வேலையை இன்னும் ஒரு வருடம் நீட்டித்திருக்கிறார்கள். ஜூஜுவாடி செக்போஸ்ட்டில் லாரி நின்றால் எங்கள் கம்பெனி கேட் வரை வரிசை நிற்கிறது. டிரைவர்கள் என்னைக் கேலி செய்கிறார்கள். "தாத்தா, எப்ப உள்ள உடுவாங்கன்னு ஒரு வார்த்த சொல்லேன், வாயில என்ன பூட்டா போட்டிருக்க?" என்று நேற்று ஒருவன் கேட்டான். எவ்வளவு நேரம் ஆகும் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. காரணம் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. போனில் சொல்ல முயன்றேன், மூன்று முறை, மூன்று முறையும் மாம்பூவைப் பற்றிப் பேசி வைத்துவிட்டேன். தபாலில் போனால் பத்துப் பதினைந்து நாள் ஆகும் என்றார்கள். அதுவரை உன் கண்ணுக்கு நான் பழைய அப்பா. அதற்காகவும்தான் காகிதத்தில் எழுதுகிறேன். அதுவும் கோழைத்தனம்.

போன ஞாயிறு வீடியோவில் செந்தூரனின் அம்மா பேசினார்கள் அல்லவா. வைகாசியில் நிச்சயத்துக்கு இங்கே வருவது பற்றி, தாம்பூலத் தட்டு பற்றி. நடுவில், தங்கள் யாழ்ப்பாணத் தமிழில், நான் ராணுவத்தில் இருந்ததைப் பற்றிச் சாதாரணமாகத்தான் கேட்டார்கள், "அண்ணை, நீங்கள் ஆமியில எங்க நிண்டனீங்கள்?" என்று. நான் காஷ்மீர் என்றேன். யோசிக்கக்கூட இல்லை. வாய் தானாகச் சொன்னது. போனை வைத்ததும் உன் அம்மா, "காஷ்மீருக்கு எப்பங்க போனீங்க, எங்கிட்டச் சொல்லவே இல்லியே" என்றாள். பிறகு இரண்டு நாள் சாப்பாட்டைத் தட்டில் வைத்துவிட்டுப் போனாள், எதிரே உட்காரவில்லை. அவளுக்கு நான் இலங்கைக்குப் போனது மட்டும் தெரியும். மற்றது அவளுக்கும் தெரியாது. அவளிடம் நேற்றுச் சொன்னேன். இப்போது உனக்கு.

எண்பத்தெட்டில் எனக்கு இருபத்தொரு வயது. இந்திய அமைதிப்படையாக யாழ்ப்பாணப் பக்கம் இருந்தோம். எங்கள் பிளட்டூனில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன். வீடு வீடாகத் தேடும்போது என்னை முன்னால் அனுப்புவார்கள். ஒரு வீடு. பனையோலை வேலி. மத்தியானம். ஓர் அம்மா வெளியே வந்தார்கள், நடுங்கிக்கொண்டு. நான் தமிழில் பேசியதும் அந்த நடுக்கம் நின்றது. "தம்பி தமிழோ, எந்த ஊர்?" என்று கேட்டு, எனக்கு மட்டும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். குடித்தேன். பிறகு, எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்ததைச் சொன்னேன். "மகன ஒருக்கா வரச் சொல்லுங்கம்மா, ரெண்டு கேள்விதான், உடனே அனுப்பிடுவாங்க." அந்த அம்மா தானே உள்ளே திரும்பிக் கூப்பிட்டார்கள். "வா ராசா, பயப்பிடாத, எங்கட தமிழ்ப் பிள்ளைதான் வந்திருக்கு." அவன் சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்தான், விரலில் சோறு. கை கழுவிவிட்டு வரட்டுமா என்று கேட்டான். அம்மாதான் சொன்னார்கள், ரெண்டு கேள்விதானாம், வந்து மிச்சத்தைச் சாப்பிடு என்று. சோற்றின் மேல் தட்டு கவிழ்த்து மூடுவது எனக்குக் கேட்டது.

அவனை முகாமில் ஒப்படைத்தோம். மறுநாள் எங்களை வேறிடத்துக்கு மாற்றினார்கள். அவனுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. திரும்பிப் போயிருக்கலாம். நான் கேட்கவில்லை. இந்தி தெரியும், தமிழ் தெரியும், இரண்டிலும் கேட்கவில்லை.

தொண்ணூறு மார்ச்சில் கப்பல் ஏறினோம். பக்கத்தில் நின்ற ஹரியானாக்காரன் தோளில் தட்டி, "கதம், பொன்னுசாமி" என்றான், முடிந்தது என்று. நானும் நம்பினேன். படை திரும்பி வந்துவிட்டால் போர் முடிந்ததாகத்தானே அர்த்தம். பதக்கம் கொடுத்தார்கள். நீ மூன்றாவது படிக்கும்போது சுதந்திர தினத்துக்கு அதைக் குத்திக்கொண்டு போய்ப் பரிசு வாங்கி வந்தாய். எந்தச் சண்டைக்குக் கொடுத்தது என்று கேட்டாய். வடக்கே என்றேன். அன்றே தொடங்கிவிட்டது இந்தக் காஷ்மீர்.

போன மாதம் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாய். செந்தூரன் வீட்டில் மணி அடித்தால் அவன் எழக்கூடாது, அவன் அம்மாதான் போய்க் கதவைத் திறப்பார்கள், பீட்சா கொண்டுவருபவனுக்குக்கூட, முப்பது வயதுப் பிள்ளை சோபாவில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று. எனக்கும் சேர்த்துச் சிரித்தாய். நான் போனைப் பிடித்துக்கொண்டு அந்தத் தட்டுச் சத்தத்தைக் கேட்டேன். அந்த அம்மா வேறு, இவர்கள் வேறு. இவர்களுக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் நாங்கள் கப்பலேறி முப்பத்தைந்து வருடம் ஆகிறது, டொரன்டோவில் ஒரு தாய் இன்னும் பிள்ளைக்கு முன்னால் வாசலுக்கு ஓடுகிறாள். எந்தப் போர், யார் படை என்று பிரித்துச் சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.

இதை நீ அவர்களிடம் சொல்ல வேண்டாம். வாசித்தும் காட்ட வேண்டாம். அன்று ஒரு தாயின் வாயாலேயே பிள்ளையைக் கூப்பிட வைத்தேன். இன்று உன் வாயால் நான் செய்ததைச் சொல்ல வைக்க மாட்டேன். பங்குனி கடைசி ஞாயிறு நானே அவர்களைக் கூப்பிடுகிறேன். காஷ்மீர் பொய் என்பதிலிருந்து தொடங்குவேன். அதன்பின் அவர்கள் வைகாசியில் வரமாட்டோம் என்றால், அது நியாயம். அதற்கு நீ என்னைத் திட்டு, அவர்களைத் திட்டாதே. என்னை மன்னிக்கச் சொல்லி நீ அவர்களிடம் கெஞ்சவும் கூடாது. செந்தூரன் நல்ல பையன். என்னால் அவனை நீ இழந்தால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. அம்மாவைக் கேட்டேன். "நீங்க பேசாம இருந்தாலும் அவ இழந்ததுதான், பொய் மேல கட்டுன சம்பந்தம் நிக்குமா, ஏன்னு தெரியாம இழப்பா, அவ்ளோதான்" என்றாள்.

இரும்புச்சத்து மாத்திரையை விடாதே. நீ நன்றாக இரு, உன் வீட்டில் யாரும் பாதிச் சாப்பாட்டில் எழாமல் இருக்கட்டும், அப்பாவின் ஆசி அவ்வளவுதான். ஒன்று மட்டும். இனி அவர்கள் வீட்டில் மணி அடித்தால், அந்த அம்மா போய்த் திறக்கட்டும். நீ சிரிக்காதே. கூடவே எழுந்து போய் நில்.

உன் அப்பா
க. பொன்னுசாமி