இரண்டாவது பெஞ்சு

ஜூன் 1, சனி

கிளினிக்கில் ஊசி போட்டுப் போட்டுக் கை ஓய்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் மகள் தலையில் குண்டைத் தூக்கிப் போட்டாள். இனி ஆலயத்துக்கு வரமாட்டாளாம். முன் பெஞ்சுகள் வெள்ளைக்காரர்களுக்கு; எங்கள் கறுப்புத் தோலுக்கு அங்கே எப்போதும் கடைசி பெஞ்சுகள்தான், தூணுக்குப் பின்னால். சட்டம் ஒன்றும் கிடையாது. வாசலில் நிற்கும் பெரியவர் சிரித்தபடி அந்தப் பக்கம் கை காட்டுவார், நாங்களும் போய் உட்காருவோம்.

"ஆண்டவருக்கே தூணுக்குப் பின்னாடி இருக்கறவங்களைத் தெரியாதும்மா," என்றாள்.

படுத்தும் தூக்கம் வரவில்லை, எழுந்து இதை எழுதுகிறேன்.

ஜூன் 2, ஞாயிறு

பெரியவர் கை காட்டினார். கவனிக்காத மாதிரி நேரே நடந்து இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அங்கிருந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வேறு இடம் போயின. முதலில் எழுந்தது தொப்பியம்மா — மழையோ வெயிலோ, நீலத் தொப்பி இல்லாமல் வரமாட்டாள்.

ஆக, முழு பெஞ்சும் எனக்கே. கைப்பைக்குக்கூடத் தனி இடம். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டு எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடினேன். ஆண்டவரே, நீர் எழுந்து போகவில்லை. அது போதும்.

ஜூன் 4, செவ்வாய்

போதகர் போன் செய்தார். சபையில் சமாதானம் வேண்டுமாம், எல்லாம் மெதுவாக மாறுமாம். மகள் பிறந்ததிலிருந்து இந்த மெதுவைத்தான் பார்க்கிறேன். "இயேசுவோட கல்லறைக் கல்லையே புரட்டினவரைக் கும்பிடுறோம் ஐயா, ஒரு பெஞ்சு என்ன பெரிய விஷயம்?" என்றேன். போனை வைத்துவிட்டார். மகள் அடுத்த அறையில் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

ஜூன் 9, ஞாயிறு

எங்கள் தெருத் தையல்காரரும் அவர் மனைவியும் தூணை விட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். மூன்று பேர்! இன்றும் மற்றவர்கள் எழுந்து போனார்கள். மகள் வீட்டில் போர்வைக்குள்.

ஜூன் 12, புதன்

கிளினிக்குக்கு யார் வந்தது தெரியுமா? தொப்பியம்மா. காலில் புண், கட்டு மாற்ற வேண்டும். நர்ஸ் என்று இருந்தது நான் ஒருத்திதான். பிளாஸ்திரியை ஒரே இழுப்பாக இழுத்துவிடலாமா என்று கை துறுதுறுத்தது — ஆண்டவரே மன்னியும். நனைத்து மெதுவாகத்தான் எடுத்தேன்.

"வலிக்குமா?" என்று கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை எனக்கு வலிச்ச அளவுக்கு வலிக்காதும்மா."

கட்டி முடித்ததும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நொண்டி நொண்டிப் போய்விட்டாள். அதிகமாகப் பேசிவிட்டேனோ? பேசினது பேசினதுதான். மகளிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஜூன் 16, ஞாயிறு

தொப்பியம்மா எழவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. ஆனால் எழவில்லை! வீட்டுக்குள் கால் வைத்ததும் மகள் கேட்ட முதல் கேள்வியே, "இன்னைக்கும் எழுந்தாங்களா?"

ஜூன் 23, ஞாயிறு

இன்று எழுந்து போனது ஒரே ஒரு குடும்பம். தூணுக்குப் பின்னாலிருந்து இன்னும் நாலு பேர் முன்னால் வந்தார்கள்.

ஜூன் 30, ஞாயிறு

கிளினிக்கில் காலை வேலை. ஓடி வருவதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது. பார்த்தால் இரண்டாவது பெஞ்சில் எனக்கு இடமே இல்லை! எங்கள் ஆட்கள், அவர்கள் ஆட்கள், எல்லாரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். என் இடம் போச்சே என்று ஒரு கணம் கோபம்கூட வந்தது. நடுவில் அந்த நீலத் தொப்பி. தொப்பியம்மாவின் தோளோடு தோளாக — என் மகள். சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறாள். திரும்பிப் பார்த்து, கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி என்னைக் கிண்டல் வேறு செய்கிறாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

வாசல் பெரியவர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கை காட்டவில்லை.

"எங்கம்மா போடட்டும்?" என்று கேட்டார்.

"முன்னாடி போடுங்கய்யா," என்றேன். "இங்க தூண் மறைக்குது."