குண்டத்தில் துளசிமணி

பிப்ரவரி 9, 2025

தீமிதிக் குண்டம் இறங்கும் படத்தைத் தொடங்கிவிட்டேன். பட்டறை வேலைக்குப் போவதை நிறுத்திய பிறகு வரையும் முதல் பெரிய படம். சத்தியமங்கலம் பக்கம் எங்கள் ஊர் மாரியம்மன் கோயில், நீளமாகப் பரப்பிய தணல், வேப்பிலையோடு மஞ்சள் சேலைப் பெண்கள். நடுவில் என் மனைவி துளசிமணி.

மஞ்சள் காமாலை முற்றி நான் ஆஸ்பத்திரியில் கிடந்த வருடம், எனக்காக இறங்கினாள். நான் அதைப் பார்க்கவே இல்லை. அவள் சொல்லச் சொல்லத்தான் வரைகிறேன்.

எட்டிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, நானென்ன இத்தனை ஒல்லியாவா இருந்தேன்?" என்றாள். இடுப்பைக் கொஞ்சம் அகலமாக்கினேன்.

பிப்ரவரி 23

தணலுக்கு நிறம் அமையவில்லை. மூன்று தடவை பூசிச் சுரண்டினேன்.

மார்ச் 4

இன்றுதான் துளசிமணி சொல்கிறாள். மகள் வர்ஷினியின் குழந்தை குறைமாதத்தில் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் கிடந்தபோது, பிழைத்து வீடு வந்தால் மறுபடியும் குண்டம் இறங்குவதாக வேண்டிக்கொண்டாளாம். குழந்தைதான் தேறி வீடு வந்துவிட்டதே.

சர்க்கரையால் அவள் பாதம் மரத்துப்போயிருக்கிறது. புண் ஆறியதே போன மாதம்தான். வீட்டுக்குள்கூடச் செருப்பில்லாமல் நடக்கக் கூடாது என்கிறார் டாக்டர். சூடு தெரியாத காலோடு நெருப்பிலா?

வர்ஷினி போனில் அழுதாள். இவள் அசையவில்லை. "மாரியாத்தாகிட்டச் சொன்ன சொல்லை எப்பிடிங்க மாத்தறது?"

கத்திப்போட்டேன். ரெண்டு பேரும் சாப்பிடலை. இவளை நான் என்ன பண்றது?

மார்ச் 16

ஊருக்குப் போய்ப் பூசாரியிடம் கேட்டேன். அவளுக்குப் பதிலாகக் கட்டினவன் இறங்கினாலும் வேண்டுதல் சேருமாம்.

சாமி கும்பிடக்கூட அவள் இழுத்தால்தான் போகிறவன் நான். வீட்டுக்கு வந்து, "நானே எறங்கறேன் துளசி" என்றேன். நம்பவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் காப்பி வந்தது. கூட முறுக்கும்.

ஏப்ரல் 8

இறங்கிவிட்டேன். உள்ளங்காலில் சுருக்கென்றது, அதற்குள் எதிர்ப்பக்கம் ஏறிவிட்டேன். கொப்புளம்கூட இல்லை.

துளசிமணி முன்வரிசையில் என் சட்டையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நானு எறங்கறப்பக்கூட இப்பிடிப் பயப்படலீங்க" என்றாள்.

ஏப்ரல் 13

படத்தில் வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை வெறும் தலைகளாகத்தான் தீற்றி வைத்திருந்தேன். காலையிலிருந்து ஒவ்வொன்றுக்கும் கண், வாய், நெற்றி வரைகிறேன். அந்த வருடம் யார் யார் அங்கே நின்றார்கள் என்று துளசிமணி பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள்.