காயலின் அக்கரையில் நீ

இன்று காலை துணிப் பெட்டியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது அடியிலிருந்து ஒரு கருநீலத் துண்டு கையில் வந்தது. உள்ளங்கை அகலம்கூட இருக்காது. எடுத்து முகர்ந்து பார்த்தேன். எதற்கு முகர்ந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. வெட்டி மிஞ்சிய துண்டு, அது எந்தத் தண்ணீரையும் பார்த்ததில்லை. அந்துருண்டை வாசனைதான் வந்தது. ஆனாலும் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். வாசலில் ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்து நின்ற பெண், "இன்னாக்கா, தனியா சிரிக்கிறீங்க?" என்றாள். உன்னைப் பற்றி அவளுக்கு எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது?

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உன் டிபன் கடையும் என் தையல் கடையும் ஒட்டியே இருந்தன. நடுவில் ஒரு தகரத் தடுப்பு. நீ இட்லிப் பானையை இறக்கும் சத்தம் கேட்டுத்தான் நான் மெஷினில் நூல் கோப்பேன். தகரத்தைத் தட்டி, "பத்மா, வேர்க்கடலச் சட்னி சூடா இருக்குது, வாடி" என்பாய். நான் சமண நயினார் வீட்டுப் பெண், நீ வேதக்காரர் வீட்டுப் பெண். இருவரும் சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்தவர்கள். அதையெல்லாம் நாம் ஒருநாளும் உட்கார்ந்து பேசியதில்லை. பேச வேறு எவ்வளவோ இருந்தது.

பிறகு உனக்கு அந்த நோய் வந்தது. வலது மார்பை எடுத்தார்கள். புண் நன்றாகவே ஆறியது. ஆனால் கை தோளுக்கு மேல் எழவில்லை. தலை வாரிக்கொள்ளக்கூட மருமகளைக் கூப்பிட வேண்டியிருந்தது. டாக்டரம்மா, "எல்லாம் சரியாயிடுச்சு, இனிமே கையை நல்லா வேலை வாங்குங்க, பயப்படாதீங்க" என்றுதான் சொன்னார். பயந்தது உன் மகன் சேவியர். நல்ல பிள்ளை. நல்ல பிள்ளை என்பதுதான் சங்கடம். "நீ ஒண்ணும் செய்ய வேணாம்மா. ஒக்காரு, அது போதும்" என்று நாற்காலி போட்டு, டிவியைப் போட்டுவிட்டு வேலைக்குப் போவான். கடையை வேறு யாருக்காவது விட்டுவிடலாம் என்றும் பேச ஆரம்பித்தான். தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லாமல் போயிற்று. அந்த மௌனத்தில் எனக்குத் தையலே ஓடவில்லை.

உங்கள் பங்குக் கோயில் பெண்கள் மலையாளக் கரையில் இருக்கும் வல்லார்பாடம் மாதா கோயிலுக்கு வேன் எடுத்தபோது, போயே தீருவேன் என்று நீ நின்றாய். மாதா பேரைச் சொன்னதால் சேவியரால் மறுக்க முடியவில்லை. "பத்மாம்மா கூட வந்தா அனுப்பறேன்" என்றான். எங்கள் வீட்டில் அண்ணி, "நீ எதுக்கு மாதா கோயிலுக்கு?" என்று கேட்டாள். "சிநேகிதிக்குத் துணைக்கு" என்றேன். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை.

கிளம்புவதற்கு முந்தின வாரம் நீ என் கடைக்கு வந்து திரைச்சீலையை நீயே இழுத்து மூடினாய்.

"எனக்கு ஒண்ணு தெச்சிக் குடு. தண்ணியில எறங்கற மாதிரி."

"எந்தத் தண்ணியில?"

"போற எடத்துல கடல் இருக்குதாம். பொடவ கட்டிக்கினு எப்படி நீந்தறது?"

சிங்கவரத்தில் உங்கள் கழனிக் கிணற்றில் மோட்டார் கொட்டாய்மேல் ஏறிக் குதித்த கதையை நீ நூறு முறை சொல்லியிருக்கிறாய். கல்யாணத்துக்குப் பிறகு ஒருமுறைகூட நீ தண்ணீரில் இறங்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அளவு நாடாவை எடுத்தேன். மருமகளிடம்கூடக் காட்டாத இடத்தை நீ எனக்குக் காட்டினாய். அக்குள்வரை ஓடிய அந்தத் தழும்பைப் பார்த்து என் கை ஒரு நிமிஷம் நின்றது. நீ குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாய்: "இன்னாடி பாக்கற? இந்தப் பக்கம் ராஜகிரி மலை இருக்குது. அந்தப் பக்கம் வெறும் கழனி. அவ்ளோதான்."

எனக்கு அழுகை வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு இரண்டு பேரும் சிரித்தோம். அந்தப் பக்கத்துக்கு ஸ்பஞ்சு வைத்துத் தைக்கலாமா என்று கேட்டேன். "வேணாம். அது தண்ணிய குடிச்சிக் கனக்கும்" என்றாய். முழங்கால்வரை மேல்சட்டை, முழுக்கை, கெட்டியான கால்சட்டை, கருநீலத் துணி. வலது தோளில் மட்டும் துணியை நிறைய விட்டுத் தைத்தேன். கை எழுந்தால் இடம் வேண்டும் அல்லவா?

வேனில் உன் அதிகாரத்தைப் பார்க்க வேண்டுமே! பொழுது சாய்ந்தால் பத்மா சாப்பிட மாட்டாள் என்று டிரைவரிடம் முதலிலேயே சொல்லிவிட்டாய். ஜெபமாலை நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு கண்ணால் வெயிலைப் பார்ப்பாய். "தம்பி, ஓரமா நிறுத்து. எங்க பத்மா சாப்டணும்." யாரும் முணுமுணுக்கவில்லை. மறுநாள் எல்லோருமே என்னோடு சேர்ந்து சீக்கிரம் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

வல்லார்பாடத்தில் மெழுகுவத்தி ஏற்றிய பிறகு, வைப்பின் தீவின் வடக்குக் கோடியில் இருக்கும் செராய்க்குப் போனோம். என்ன ஊர் அது! நீளமாக, ஒல்லியாக, கடலுக்கு நடுவே யாரோ கோடு போட்டதுபோல. பழைய காலத்து வெள்ளம் கொண்டுவந்து குவித்த மண்தான் இந்தத் தீவு என்று டிரைவர் சொன்னார். ரோட்டில் நின்றால் இந்தப் பக்கம் கடல் இரைகிறது. அந்தப் பக்கம் காயல் சத்தமே போடாமல் கிடக்கிறது. நடுவில் சின்னச் சின்னத் தங்கும் விடுதிகள், மீன் வறுக்கும் கடைகள், ரப்பர் வளையம் விற்கிறவர்கள், தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள். காயலில் பெரிய பெரிய வலைகள் கொக்குபோலக் குனிந்து நின்றன. செஞ்சியில் நாம் பார்த்ததெல்லாம் பாறை. இங்கே ஒரு கூழாங்கல்கூட இல்லையே என்று நீ மணலைக் காலால் அளைந்துகொண்டே இருந்தாய்.

மறுநாள் காலை எல்லாப் பெண்களும் கைகோத்துக்கொண்டு கடலில் முழங்கால்வரை நின்று கத்தினார்கள். நீ என் கருநீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு கரையில் நின்று அலையைப் பார்த்தாய். அலை ஒருவரைத் தள்ளிவிட்டுப் போனது. "இது ஒத்தக் கைக்கு ஆவாது" என்றாய். சரி, விட்டுவிட்டாய் என்று நினைத்தேன். நீ திரும்பி ரோட்டைக் கடந்து போனாய். நாம் தங்கியிருந்த வீட்டின் பின்கட்டில் நின்று காயலைப் பார்த்தாய்.

"நம்ம கெணறு மாதிரி இருக்குதுடி. கொஞ்சம் பெரிசு."

அக்கரையில் தென்னை வரிசை சின்னதாகத் தெரிந்தது. "கொஞ்சம்தான் பெரிசா?" என்றேன்.

அந்த வீட்டுக்காரி லில்லிச் சேச்சி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். உன்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீந்தான் அறியாமோ?" என்று, நீந்தத் தெரியுமா எனக் கேட்டாள். "அறியும்" என்று நீயும் மலையாளத்தில் போட்டாய். உன் தோளைத் தொட்டு, எனக்கு ஆபரேஷன் ஆனது, டாக்டர் கையை வேலை வாங்கச் சொன்னார் என்று சைகையும் தமிழுமாகச் சொன்னாய். அவள் கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டாள். போய்க் கரையில் கட்டியிருந்த வள்ளத்தை அவிழ்த்தாள். என்னைப் பார்த்து, ஏறு என்று தலையசைத்தாள்.

இதற்குள் கூட்டத்தில் ஒருத்தி சேவியருக்குப் போன் போட்டுவிட்டாள். ஸ்பீக்கரில் அவன் அலறினான். "அம்மா! மேல வா மொதல்ல!"

இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி நீ சொன்னாய்: "மேலதான் ஒருநாள் போவப் போறேன். அதுக்கு முன்ன அந்தக் கரைக்குப் போய்ட்டு வந்துடறேன், வைடா போன."

பிறகு முன்னால் சாய்ந்து தண்ணீரோடு போய்விட்டாய்.

எனக்கு நீச்சல் தெரியாது. வள்ளத்தின் இரண்டு விளிம்பையும் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் ணமோகார மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ ஒருக்களித்து, இடது கையால் தண்ணீரை வாரி வாரித் தள்ளினாய். வலது கை உடம்போடு ஒட்டி உறங்குவதுபோல வந்தது. பாதி தூரத்தில் மூச்சு வாங்கியது. மல்லாந்து படுத்துவிட்டாய். முகம் வெளுத்திருந்தது. லில்லிச் சேச்சி துடுப்பை உன் பக்கம் நீட்டி, மெதுவாக, "மதியோ?" என்றாள். போதுமா என்று கேட்கிறாள் என்பது எனக்கே புரிந்தது. போதும் என்று சொல்லிவிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

நீ வானத்தைப் பார்த்துக்கொண்டே, "துடுப்ப எடு" என்றாய்.

பிறகு புரண்டாய். வலது கை தண்ணீரை விட்டு எழுந்தது. தோள்வரை வந்து நின்று நடுங்கியது. உன் பல் கடிபடுவது எனக்குத் தெரிந்தது. அங்கிருந்து இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். காதைத் தாண்டி, தலைக்கு மேலே போய், முன்னால் தொப்பென்று விழுந்தது. எத்தனை மாதமாக எழாத கை! "இன்னொண்ணு!" என்று நான் எழுந்து நின்று கத்தினேன். வள்ளம் ஆடி, சேச்சி என் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாள். நீ இன்னொன்று போட்டாய். அதற்கு அடுத்ததும் போட்டாய். அழகான நீச்சல் இல்லை அது. ஒரு பக்கம் இழுத்து இழுத்துப் போனாய். ஆனால் போய்க்கொண்டே இருந்தாய்.

அக்கரைச் சேற்றில் கால் ஊன்றி எழுந்து, எங்களைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கையையும் உயர்த்தினாய். இரண்டும் ஒரே உயரம். இக்கரையில் நின்ற பெண்கள் "மரியே வாழ்க!" என்று போட்ட சத்தத்தில் தென்னையில் இருந்த காக்கையெல்லாம் எழுந்து பறந்தன. சமணச்சி நானும் கூடவே கத்தினேன். லில்லிச் சேச்சி முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்ப நீந்தவா என்று கேட்பாய் என்று பயந்தேன். "வள்ளம் இருக்கும்போது சும்மா இன்னாத்துக்கு?" என்று ஏறி உட்கார்ந்து, தலையை நீயே துவட்டினாய்.

செஞ்சியில் வேன் வந்து நின்றபோது சேவியர் கோபமாகக் காத்திருந்தான். நீ வேன் மேலிருந்த பையை வலது கையால் எட்டி இழுத்து இறக்கி அவன் கையில் கொடுத்தாய். அவன் பையைப் பார்க்கவில்லை, உன் கையைத்தான் பார்த்தான். அடுத்த திங்கட்கிழமை தகரத்துக்கு அந்தப் பக்கம் இட்லிப் பானை இறங்கிய சத்தம் கேட்டது. சேவியர்தான் கூட நின்று அடுப்பு மூட்டினான்.

அந்தக் கோடையில் நீ என்னைச் சிங்கவரத்துக் கிணற்றுக்கு இழுத்துப் போனாய். இந்த வயதில் எனக்கு எதற்கு என்றேன். "பயம் காதுலதான்டி இருக்குது. காத நனைச்சிட்டா போயிடும்" என்றாய். மல்லாக்கப் படுக்க வைத்து, என் முதுகுக்குக் கீழே உன் வலது கையைக் கொடுத்தாய். காது நனைந்தது. கிணற்றின் விளிம்பு, வேப்பங்கிளை, மேலே சதுர வானம். எவ்வளவோ நேரம் கழித்துப் பார்த்தால் நீ படிக்கட்டில் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தாய்.

அதன்பிறகு நிறைய வருஷங்கள் இருந்தாய். கடைசியில் நோய் திரும்பி வந்தபோதும், ஊசி போட வந்த நர்ஸிடம் செராய்க் கதையைத்தான் சொன்னாய். ஒவ்வொரு முறையும் காயல் கொஞ்சம் அகலமாகிக்கொண்டே போனது. நான் திருத்தவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிணற்றில் இந்தச் சுவரிலிருந்து எதிர்ச் சுவர்வரை நானே நீந்தினேன். உன் பேத்தி மேலே நின்று கை தட்டினாள். நடுவில் மூச்சு முட்டியபோது மல்லாந்து படுத்துக் காதை நனைத்துக்கொண்டேன். முதுகுக்குக் கீழே உன் கை இருந்தது. அன்றைக்கு அதை நீ எப்போது எடுத்தாய் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.