விதைக்கும் முன்பே வாங்கிய பங்கு

என் வீட்டு முதலாளி அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? நம் சின்னவளுக்குச் சளி விட்டதா?

சரக்கைப் பார்க்காமல் காசை நீட்டாதவன் நான். அப்படிப்பட்டவன் இங்கே ஒரு தோட்டக்காரம்மாவிடம் விதைக்கும் முன்பே பணம் கட்டிப் பங்கு வாங்கியிருக்கிறேன். விளையும் காய்கறியை வாராவாரம் பெட்டியில் பிரித்துத் தருவார்கள். மொத்தமாக எடுத்தால் மலிவு என்று நாலு பேருக்கான முழுப் பங்கையே எடுத்துவிட்டேன்.

போன வாரப் பெருமழையில் பெட்டி பாதியாக வந்தது. சண்டைக்கே கிளம்பிப் போனேன்.

"என்னம்மா, பாதிச் சரக்குக்கு முழு விலையா?"

"இது கடை இல்லண்ணே. மழைல போனதுலயும் உங்களுக்குப் பங்கு இருக்கு" என்று சிரித்துக்கொண்டே மண்வெட்டியை நீட்டினார்.

மற்ற பங்குக்காரர்கள் சேற்றில் கேரட் தோண்டிக்கொண்டிருந்தார்கள். நானும் இறங்கினேன். வழுக்கியதில் கணுக்கால் லேசாக வீக்கம். நம் கடைக்கு நடந்துதான் போகிறேன், பயப்படாதே. நஷ்டத்தைச் சேர்ந்து சுமக்கும் வாடிக்கைக்காரர்களை இத்தனை வருட வியாபாரத்தில் நான் பார்த்ததில்லை.

நூல்கோல் இலையை எப்படிச் சமைப்பது என்று எழுது. மீந்ததைப் பக்கத்துக்கடைத் தையல்காரருக்குக் கொடுக்கிறேன். அவரும் எத்தனைதான் வாங்குவார்? அடுத்த போகத்துக்குப் பெயர் கொடுக்கச் சொல்கிறார்கள். ஒண்டியாளுக்கு அரைப் பங்கே அதிகம். பிள்ளைகளோடு நீ வருவதாக இருந்தால் முழுப் பங்காக எழுதுகிறேன். சீக்கிரம் சொல். கடை திறக்க நேரமாகிவிட்டது.

உன் வீட்டுக்காரன்